மூன்றாவது விளக்கு

பத்ரிநாராயணன் வீட்டு ரேடியோவின் சிவப்பு விளக்கின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். இஸ்திரிப் பெட்டியின் விளக்குக்கும் அதே மரியாதை. திருமுல்கேரியில் அவர் குடியிருந்த தெருவில் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் நாள் முழுக்க விளக்கைப் பார்த்துப் பார்த்து மனிதருக்கு விளக்கென்றாலே ஆகாமல் போய்விட்டது என்பார்கள். அது பாதி உண்மை. அவருக்கு ஆகாமல் போனது ஒரே ஒரு விளக்குதான். வலது ஓரத்திலிருந்து மூன்றாவது.

மற்றபடி அவரைப் பற்றி ஊர் பேச ஒன்றும் இல்லை. மாயவரம் பக்கம் பிறந்து, மதராஸில் படித்து, 1968-ல் ஹைதராபாத்துக்கு ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தார். கல்பகத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். ஜலஜா என்று ஒரே பெண். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். அவர் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, காபி ஆறியிருந்தால்கூடக் குரல் உயர்த்தியதில்லை. அப்பேர்ப்பட்டவர் இன்னொருவன் பிழைப்பைக் கெடுத்தார் என்றால் யார் நம்புவார்கள்? அவரே நம்பக் கூடாது என்றுதான் பதினொரு வருஷம் பாடுபட்டார்.

தொழிற்சாலையில் ஒரு சோதனைக் கூடம் இருந்தது. புதிதாகச் செய்த நீராவிக் குழாய்களையும் வால்வுகளையும் அங்கே முழு அழுத்தத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். அழுத்தத்தையும் சூட்டையும் நொடிக்கு நொடி கவனிக்க ஒரு கம்ப்யூட்டர். இரண்டு பீரோ அளவு இருக்கும். அழுத்தம் எல்லை தாண்டினால் அது சைரன் அடிக்கும். ஆட்கள் குழாய்ப் பக்கம் போக மாட்டார்கள். இந்தக் கம்ப்யூட்டரைச் சீராக வைத்திருப்பதுதான் பத்ரியின் உத்தியோகம்.

அந்த இயந்திரத்திடம் ஒரு சங்கடம் உண்டு. அதன் சில்லுகளுக்குள் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்ன அறைகள். இந்த நொடியில் இயந்திரம் மனதில் எதை வைத்திருக்கிறதோ அது அங்கே இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமானால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்திப் பார்த்தால் தெரிவது நின்றுபோன இயந்திரத்தின் மனசு. ஓடும்போது என்ன கோளாறு செய்தது என்பதை அது சொல்லாது. போதாக்குறைக்கு, நிறுத்தி வைத்த நேரம் முழுக்கச் சோதனைக் கூடத்துக்குக் கண் கிடையாது. ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தாமல், அது அறியாமல், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாதா? பத்ரிக்கு இந்த ஆசை பிடித்துக்கொண்டது. சிலருக்குச் சீட்டாட்டம் பிடிப்பதில்லையா, அந்த மாதிரி.

இரண்டு வருஷம் மெனக்கெட்டு ஒரு பெட்டி செய்தார். டிபன் கேரியர் அடுக்கு ஒன்றின் அகலம்; முகப்பில் வரிசையாகப் பதினாறு சிவப்பு எல்.இ.டி. விளக்குகள், துவரம் பருப்பு அளவில். பெட்டியிலிருந்து வரும் கம்பிகளின் முனையில் நான்கு கிளிப்புகள். ஓடிக்கொண்டிருக்கும் சில்லின் கால்களை அந்தக் கிளிப் கவ்விப் பிடித்தால், உள்ளே இருப்பது அப்படியே வெளியே விளக்குகளில் எரியும். இயந்திரத்துக்குச் சேதி தெரியவே தெரியாது.

கிளிப்புகளைச் செய்து கொடுத்தவன் சூசைராஜ். சோதனைக் கூடத்தின் ஆபரேட்டர். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவன் அப்பா ஃபிட்டராக இருந்தவர். கிளிப்பின் ஒவ்வொரு காலும் தலைமுடி கனத்துக்கு ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று பிசகினால் பக்கத்துக் காலைத் தொட்டு இயந்திரம் குழம்பிவிடும். அரம் பிடித்து ராவுவதில் சூசைக்கு அப்படியொரு கை. அறுபத்துநாலு கால்களையும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தே ராவி முடித்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பத்ரி அந்தப் பெட்டியை வீட்டுக்கும் ஆபீசுக்கும் மடியிலேயே வைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

பதினாறு விளக்குகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. வலமிருந்து மூன்றாவது விளக்கு எரிந்தால், சைரனை ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆபரேட்டரின் மேஜையில் அதற்கென்று ஒரு பட்டன். சைரன் சில நாள் காரணமில்லாமலே கத்தித் தொலைக்கும். அதனால் சாப்பிடப் போகும்போது ஆபரேட்டர்கள் ஊமைப் பட்டனை அழுத்திவிட்டுப் போவது வழக்கம். அது எல்லோருக்கும் தெரியும், எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

1978-ம் வருஷத்து சரஸ்வதி பூஜையன்று தொழிற்சாலைக்கு விடுமுறை. சோதனைக் கூடத்துக்கு மட்டும் இல்லை. எழுபத்திரண்டு மணி நேரம் விடாமல் ஓட வேண்டிய ஒரு குழாய், இரண்டாம் நாளில் இருந்தது. நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டில் கல்பகம் பூஜைக்கு எல்லாவற்றையும் அடுக்கினாள். ஜலஜாவின் பாடப் புத்தகங்கள், சுருதிப் பெட்டி, அவர் கணக்குப் போடும் ஸ்லைடு ரூல். எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தாள். பெட்டிக்கு மூன்று இடத்தில் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை புனர்பூஜை முடியும்வரை தொடக் கூடாது. புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது. ஜலஜாவுக்கு அதில் ஏக சந்தோஷம்.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. கம்ப்யூட்டர் வரி விட்டு வரி அச்சடிக்கிறதாம், மணியைத் தப்பாகக் காட்டுகிறதாம். நிறுத்திப் பார்க்க முடியாது; சார் பெட்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

"பூஜையில வெச்சதை எடுக்கப்படாது. கார்த்தால எடுத்துக்கோங்கோ" என்றாள் கல்பகம்.

"கார்த்தால வரைக்கும் அது காத்துண்டிருக்குமா?"

"சொல்றதைச் சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். போகிற வழியில் கைக்குட்டையால் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தார். ஆபீசுக்குப் பொட்டு வைத்த பெட்டியைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்று கூச்சம்.

மூன்று மணிக்குக் கிளிப்புகளை மாட்டினார். விளக்குகள் ஓடி ஓடி எரிந்தன. அந்தக் காலத்து எல்.இ.டி. ரொம்ப மங்கல், டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது விளக்கு மட்டும் அசையாமல் சிவந்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சூசைராஜ் மாலை போட்ட தன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பட்டனை எடுத்துவிட மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று பத்ரி நினைத்தார். எழுந்து போய்ச் சொல்லலாமா? பண்டிகையும் அதுவுமாக வேலைக்கு வந்திருக்கிறான், போய்க் குறை சொல்வானேன்? அதற்குள் டீ வந்தது. குடித்தார். அப்புறம் அச்சுக் கோளாறில் மனசு போய்விட்டது.

ஐந்து நாற்பதுக்கு அந்தச் சத்தம் கேட்டது. உலகநாதன் என்ற ஃபிட்டர் ஒரு இணைப்பைச் சரிபார்க்கக் குழாய்ப் பக்கம் போனபோது இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் பிய்த்துக்கொண்டது. நீராவி அவரை முகத்தோடு அடித்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அழுத்தம் அதற்கு நாலு நிமிஷம் முன்பே எல்லை தாண்டியிருந்தது. சைரன் அடித்திருந்தால் அவர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். சைரன் அடிக்கவில்லை.

வேறு யாராவது இருந்தால் சத்தம் கேட்டதும் ஓடியிருப்பார்கள். பத்ரி முதலில் விளக்குகளைப் பார்த்தார். நோட்டில் பதினாறையும் எழுதினார். அப்புறம்தான் ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் பாதுகாப்பு அதிகாரி கம்பிகளைக் கழற்றிப் பெட்டியைத் துணிப்பையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிட்டார்.

மூன்று அதிகாரிகள் கொண்ட விசாரணைக் குழுவுக்குக் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சைரனை சூசைராஜ் ஊமையாக்கினானா, இல்லை இயந்திரமே அடிக்கத் தவறியதா?

"மத்த நாள்ல அழுத்தியிருக்கேன் சார், இல்லேங்கல. அன்னிக்குத் தொடவே இல்ல. மாதா சத்தியமா தொடல" என்றான் சூசைராஜ். முதல் பாதியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்குப் பொய் வராது.

பத்ரியின் நோட்டு மேஜை மேல் இருந்தது. வலமிருந்து மூன்றாவது: எரிகிறது. குழுவில் ஒருவர் கேட்டார்: "உங்க பெட்டி தப்பாக் காட்டியிருக்க வாய்ப்பு உண்டா?"

தன் பெட்டியைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்த மனிதர். பதில் வாயில் தயாராக இருந்தது. "அது எதையும் தொடாமப் பார்க்கற பெட்டி. தொடாததுனால அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அது பத்ரிக்கு அன்று ஞாபகம் வரவில்லை. மூன்று மணிக்கே அந்த விளக்கைப் பார்த்ததை அவர் குழுவிடம் சொல்லவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை. சூசைராஜுக்கு வேலை போயிற்று.

கடைசி நாளன்று அவன் கேட்டில் காத்திருந்தான்.

"சார், அந்தப் பொட்டியத் திறந்து மறுபடி ஒரு தடவ பாருங்க சார்."

"ஆகட்டும், பார்க்கறேன்" என்றார் பத்ரி.

பார்க்கவில்லை. முத்திரையை உடைக்க விண்ணப்பம் போட வேண்டும். போட்டால் மறுபடி கூப்பிடுவார்கள். எப்போதிலிருந்து எரிந்தது என்று எவனாவது ஒருவன் கேட்பான். அப்போது மூன்று மணி வெளியே வரும், டீ வெளியே வரும். உலகநாதனுக்கும் எமனுக்கும் நடுவில் இரண்டு மணி நாற்பது நிமிஷம் தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது வெளியே வரும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும். அதற்காக யாரும் அதைப் பிளந்து காட்டிவிடுவதில்லை.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் ஒரு போஸ்ட்கார்டு வந்தது. ஒரே வரி. "ஐயா, மறுபடி ஒரு தடவை பார்த்தீர்களா?" கீழே சூசைராஜ், லாலாகுடா.

"ஈ கார்டு எவரு ராசாரு அப்பா?" என்று கேட்டாள் ஜலஜா. யார் எழுதியது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்; தமிழ் எழுத்து அவளுக்குப் படிக்க வராதது பத்ரிக்கு அன்று வரமாகப் போயிற்று. ஆபீஸ் விஷயம் என்று சொல்லி ஸ்லைடு ரூல் உறைக்குள் செருகினார்.

அதற்கு அடுத்த வருஷமும் வந்தது. அதே நாள், அதே வரி. மூன்றாவது வருஷம், நான்காவது வருஷம். அந்தக் கார்டுகளில் கோபம் இருந்தால் சமாளித்திருப்பார். சாபம் இருந்தால் ஒரு பரிகாரம் செய்துவிட்டுப் போயிருப்பார். நல்ல கையெழுத்தில், மரியாதையாக, ஒரு கேள்வி மட்டும் வந்துகொண்டிருந்தது. பதில் எழுத இரண்டு தடவை உட்கார்ந்தார். 'பார்த்தேன்' என்று எழுதினால் பொய். 'பார்க்கவில்லை' என்று எழுதினால் ஏன் என்று அடுத்த கார்டு வரும்.

விளக்கு அப்போதுதான் வீட்டுக்குள் வந்தது. கண்ணை மூடினால் இமைக்குள்ளே வலப்பக்கமாக ஒரு சிவப்புப் புள்ளி. ரேடியோவில் அது, இஸ்திரிப் பெட்டியில் அது. செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் பஸ் போனால் சிக்னல் கம்பம் இல்லாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். ஒரு கார்த்திகையன்று கல்பகம் ஜன்னல் விளிம்பில் வரிசையாக அகல் ஏற்றிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தால், வலமிருந்து மூன்றாவது அகல் அணைந்திருக்கிறது. காற்று என்று நினைத்து ஏற்றினாள். மறுபடி அணைந்திருந்தது. மூன்றாம் தடவை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவள் புருஷன் குனிந்து வாயால் ஊதி அணைத்துக்கொண்டிருந்தார்.

"கார்த்திகை விளக்கை யாராவது ஊதுவாளா? என்ன ஆச்சு உங்களுக்கு?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "பூஜையில வெச்சதை எடுத்தேளே, அன்னிலேர்ந்துதான் இந்தக் கூத்தெல்லாம்."

 அவளுடைய கணக்கு அவருக்கு எப்போதும் எரிச்சலூட்டும். சாமிக்கு வேறு வேலை இல்லையா என்பார். அன்று அதைச் சொல்லத் தோன்றவில்லை.

1984-ல் கார்டு வந்தது. 1985-ல் வரவில்லை. முதலில் மூச்சு விட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் பயம் வந்தது. செத்துவிட்டானா? கார்டு வந்தபோது வருஷத்துக்கு ஒரு நாள்தான் அவன் வந்துபோனான். கார்டு நின்ற பிறகு தினமும் வந்தான். தபால்காரர் மணி அடித்தால் வந்தான். லாலாகுடா போய் விசாரிக்க ஒரு மணி நேரம் ஆகாது. பத்ரி போகவில்லை.

1989-ல் அந்தக் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று கழித்துக்கட்டினார்கள். அதோடு சம்பந்தப்பட்ட சாமான்களைப் பைசல் செய்யச் சொல்லி ஸ்டோரிலிருந்து ஆள் வந்தது. பத்ரி அங்கே போனார். ஸ்டோர் பொறுப்பாளர் விஜயகுமாரி, கலகலப்பான பெண்மணி, அலமாரி அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து அரக்கை உடைத்தாள். பெட்டியை வெளியே எடுத்தவள் சிரித்தாள்.

"இதி இங்க்கா வெலுகுதோந்தி சார்!"

இது இன்னும் எரிகிறதே என்றாள். பத்ரி பார்த்தார். பதினைந்து விளக்குகள் செத்துக் கிடந்தன. வலமிருந்து மூன்றாவது விளக்கு சிவப்பாக எரிந்தது. கம்பிகள் விஜயகுமாரியின் கையிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. மின்சாரம் இல்லை, பாட்டரி இல்லை, பதினொரு வருஷம் இருட்டுப் பையில் கிடந்த பெட்டி.  பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாத மனிதர், இரண்டு அடி பின்னால் போய் ரேக்கில் இடித்துக்கொண்டார்.

பிறகு பெட்டியை வாங்கி ஜன்னலருகே கொண்டுபோய் விரல் நகத்தால் மூன்றாவது விளக்கைச் சுரண்டினார். சிவப்பு பெயர்ந்து வந்தது. அடியில் மெல்லிய சந்தனப் பொருக்கு. அதற்கும் அடியில், எரியாத விளக்கு.

குங்குமம். கல்பகம் வைத்த மூன்று பொட்டில் ஒன்று குறி வைத்த மாதிரி அந்த விளக்கின் தலையில் விழுந்திருக்கிறது. ஜீப்பில் துடைத்தபோது இது சிவப்பு விளக்கின் சிவப்போடு சிவப்பாகத் தப்பியிருக்கிறது. மூன்று மணியிலிருந்து ஐந்து நாற்பதுவரை அவர் பார்த்தது பொட்டை. நோட்டில் எழுதியது பொட்டை. மூன்று அதிகாரிகள் முன்னால் பொய் சொல்லத் தெரியாது என்று சாட்சி சொன்னது பொட்டுக்கு.

பொட்டுக்கு அடியில் அன்றைக்கு விளக்கு எரிந்திருந்தாலும் எரிந்திருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியாது. பார்த்தேன் என்று சொன்னதை அவர் பார்க்கவே இல்லை. அது மட்டும்தான் நிச்சயம். சூசைராஜ் சொன்னது உண்மையானால், வரி விட்டு வரி அடித்த அந்த இயந்திரம்தான் சைரனையும் விட்டுவிட்டது. அது இவர் பார்த்துக்கொண்ட இயந்திரம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி டம்ளரை வாங்கியபோது கல்பகம் அவர் நகத்தைப் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போயிருந்தேளா? குங்குமம் ஒட்டிண்டிருக்கே."

"ஆமாம்" என்றார்.

அன்றே நிர்வாகத்துக்கு எல்லாவற்றையும் எழுதினார். மூன்று மணியையும் எழுதினார், டீயையும் எழுதினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விஷயம் முடிந்துபோனது, தவிரவும் சம்பந்தப்பட்டவரே 1985-ல் தம் தவறை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார், நகல் இணைத்திருக்கிறோம்.

அதே நல்ல கையெழுத்து. 'அன்று மதியம் சாப்பிடப் போகும்போது நான்தான் ஊமைப் பட்டனை அழுத்தினேன்.' பத்ரிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார். அழுத்தியிருக்கிறான்! பொட்டாவது விளக்காவது, நடந்தது நடந்ததுதான்! அந்தச் சந்தோஷத்தோடுதான் அடுத்த வரியைப் படித்தார்.

'முதலில் எனக்கு ஞாபகம் இல்லை. தொடாமல் பார்க்கும் பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று பத்ரி சார் சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஏழு வருஷம் அதையே யோசித்ததில் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.'

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாலாகுடா போனார்.

கதவைத் திறந்தது சூசைராஜின் மனைவி லூர்துமேரி. யார் என்று சொல்வதற்குள் அவள் பார்வை பெட்டிமேல் விழுந்தது. வழிவிட்டாள். உள்ளே சூசைராஜ் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"வாங்க சார், உக்காருங்க." அவன் குரலில் எதுவும் இல்லை. பெட்டியைப் பார்த்ததும் கை தானாகக் கிளிப்புகளுக்குப் போயிற்று. ஒவ்வொரு காலாகத் தடவினான். "துரு பிடிக்கல. நல்லா நிக்குது."

பத்ரி சொன்னார். பூஜை, ஜீப், கைக்குட்டை, பொட்டு. ஒன்று விடாமல் சொன்னார். சூசைராஜ் தலையாட்டிக் கேட்டான், வேறு யார் வீட்டுக் கதையையோ கேட்கிற மாதிரி.

"மூணு மணிக்கே பார்த்தேன் சூசை. கண்ணாடிக்கு அந்தண்டை நீ உட்கார்ந்திருந்தே. எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கலை."

"கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன் சார்?"

"அது உனக்குத்தான் தெரியும். உன்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அதைக் கேட்கத்தான் வந்தேன். அன்னிக்கு நீ அழுத்தினியா?"

"ஹவ் சார். அழுத்தினேன்." சூசைராஜ் வலது கைக் கட்டைவிரலை நீட்டி மேஜையில் மெதுவாக அழுத்திக் காட்டினான். "சாப்பிடக் கெளம்பினேன். மாலை பட்டன் மேல கெடந்துச்சு, சாமந்தி மாலை. ஒதுக்கிட்டு அழுத்தினேன். பூவோட ஈரம் கையில ஒட்டிச்சு. இப்பக்கூடத் தெரியுது."

"விசாரணையில தொடலைன்னு சத்தியம் பண்ணினியே."

"அப்ப ஞாபகம் இல்லாமச் சொன்னது."

"சூசை, அந்த ஞாபகம் நான் சொன்னதுனால வந்தது. நான் பார்க்கலைடா. நான் ஒண்ணுமே பார்க்கலை. நீ அன்னிக்குச் சொன்னதுதான் நிஜம்." ஊரில் யாரையும் டா போட்டுப் பேசாத மனிதர். பெட்டியை அவன் பக்கம் தள்ளினார். "நீயே பாரு."

"நக்கோ சார், வேணாம்." அவன் பெட்டியைத் திரும்பத் தள்ளினான். கோபமாக இல்லை, பந்தியில் போதும் என்று இலையை மூடுகிறவன் மாதிரி. "உலகநாதன் சம்சாரம் ராஜம்மா கால்ல விழுந்து சொல்லிட்டேன் சார். நாலு நாள் கழிச்சு அவங்களே ஆள் விட்டுக் கூப்பிட்டு எனக்குச் சோறு போட்டாங்க. அண்ணேன்னு கூப்பிடறாங்க. வாரா வாரம் சர்ச்சுல பூசை முடிஞ்சு அங்கதான் போறேன். அந்த ஏழு வருசம் இல்ல, இல்லேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சப்ப எனக்குத் தூக்கமே கெடையாது. ஒத்துக்கிட்டேன், தூங்கறேன். இப்ப வந்து இல்லேங்கறீங்க. அப்ப நான் எங்க சார் போறது?"

 சூசைராஜ் கம்பியை எடுத்து விட்ட இடத்திலிருந்து சுற்றத் தொடங்கினான். எண்ணிக்கை தவறக் கூடாது என்று உதடு அசைந்தது. இயந்திரத்தை ஒரு துளி கலைக்காமல் பார்த்தோம் என்று பெருமைப்பட்ட மனிதர், இவனை எப்படிக் கலைத்து வைத்திருக்கிறோம் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வாசல்வரை லூர்துமேரி கூட வந்தாள்.

"கார்டு எழுதினது அவரு. தபால்ல கொண்டுபோய்ப் போட்டது நான்தான் சார், ஆறு வருசமும்" என்றாள். "அன்னிக்கு அவர் தொடல. வீட்டுக்கு வந்து முதல் வார்த்தையா எங்கிட்ட சொன்னாரு, சைரன் அடிக்கவே இல்ல மேரி, நான் தொடக்கூட இல்லன்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா இப்ப நான் சொன்னா, உனக்கு மறந்துபோச்சுங்கறாரு. ஒரே ஒரு கார்டுக்கு நீங்க பதில் போட்டிருந்தா..." முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் பத்ரிநாராயணன் ஒரு போஸ்ட்கார்டு எழுதினார். 'சூசை, மறுபடி பார்த்தேன். நீ தொடவில்லை.' பதில் வரவில்லை. 1990-லும் அதே நாளில் அதே வரியை எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, சூசையின் கார்டு வந்துகொண்டிருந்த நாளாயிற்றே என்று வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தபால்காரர் மணியடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பினார். இவர் எழுந்து நின்றார். அவர் இவர் வீட்டைத் தாண்டிப் போனார்.